தள்ளாடுபவர் தெரிகிறார், தள்ளியது யார்? ‘ஸ்டாகர்’ என்ற சொல்லின் கதை

போன வாரம் பேரரசுகள், போர்கள்னு போனோம். இந்த வாரம் ஒரே ஒரு வார்த்தை. அதுவும் ஒரு ஆங்கில வினைச்சொல். ஆனா பயப்படாதீங்க, வைக்கிங் கப்பல்கள் வரும், கையில் கத்தியோடு ஒரு மணப்பெண் வருவாள், 1918-ன் நியூயார்க் வரும்.

முதல்ல என் சித்தப்பா வருவார்.

அவருக்கு 58 வயசு. வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. போன வருஷம் ஒரு ராத்திரி வெளியூர் பஸ்ஸில் ஏறப்போனவரை கண்டக்டர் படியிலேயே மறித்து, “தண்ணி போட்டவங்களை ஏத்துறதில்ல, இறங்குங்க”ன்னு சொல்லிட்டார். சித்தப்பாவுக்குச் சிறுமூளையில் ஒரு கோளாறு. நடக்கும்போது கால் அகலமாக விழும், உடம்பு ஒரு பக்கம் சாயும், பேச்சும் லேசாகக் குழறும். அதனால் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார் பாருங்க, அதுவே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எனக்கு போன் பண்ணினார்.

அவருடைய மருத்துவ ஃபைலில் ‘ஸ்டாகரிங் கெய்ட்’ என்று எழுதியிருக்கும். மறுநாள் அதைக் காட்டி, “ஸ்டாகர்னா என்னடா?” என்று கேட்டார். நான் யோசிக்காமல், “தள்ளாடுறது சித்தப்பா”ன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஓ, அங்கேயும் குடிகாரனுக்குச் சொல்ற வார்த்தையைத்தான் எனக்கு எழுதியிருக்காங்களா?” என்றார்.

இந்த எபிசோடு அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நம்ம செய்தித்தாள்களில் ‘தள்ளாடியபடி’ என்று வந்தால் அதற்கு முன்னால் ‘குடிபோதையில்’ என்று இருக்கும். இல்லாவிட்டாலும் நாமே சேர்த்துப் படிச்சுக்குவோம்.

சரி, ஸ்டாகர் எங்கிருந்து வந்தது? ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் இதில் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: வடக்கு. பழைய நோர்ஸ் மொழி, அதாவது வைக்கிங்குகள் பேசிய மொழி. அதில் ‘ஸ்டக்கா’ என்றால் தள்ளுவது. அதிலிருந்து வந்த ‘ஸ்டக்ரா’ என்றால் பிடித்துத் தள்ளுவது, நிலைகுலைய வைப்பது, அப்படியே நிலைகுலைந்து தடுமாறுவது. தள்ளுகிறவனுக்கும் தள்ளப்பட்டவனுக்கும் ஒரே வேர்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திட்டேன். ஏன்னா, தமிழில் என்ன சொல்றோம்? தள்ளாடு. பிரிச்சுப் பாருங்க. தள்ளு, ஆடு. நோர்ஸ் மொழிக்கும் தமிழுக்கும் எந்த உறவும் கிடையாது. வேற குடும்பம், வேற கண்டம், வேற தட்பவெப்பம். ஆனா நிற்க முடியாமல் ஒரு மனுஷன் ஆடுவதைப் பார்த்தபோது இரண்டு கூட்டமும் ஒரே விஷயத்தைத்தான் யோசித்திருக்கு: இவனை ஏதோ தள்ளுது.

(எல்லா வார்த்தையும் தமிழிலிருந்து போனதுதான்னு யாராவது கமென்ட் போடுவதற்கு முன்னாடி சொல்லிடறேன், இது அந்த மாதிரி எபிசோடு இல்லை. கடன் வாங்காமலே இரண்டு மொழி ஒரே படத்தை வரையலாம்.)

இப்போ இன்னொரு கேள்வி. ஒரு வைக்கிங் வார்த்தைக்கு இங்கிலாந்தில் என்ன வேலை?

793-ல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் என்ற சின்னத் தீவின் மடாலயத்தை வைக்கிங்குகள் கொள்ளையடித்தார்கள். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஆனா மொழியை மாற்றியது கொள்ளை இல்லை. கொள்ளையடிக்க வந்தவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான், அவன்கிட்ட யாரும் வார்த்தை கத்துக்க மாட்டாங்க. 865-ல் ஒரு பெரும்படை வந்து இறங்கியது. அது திரும்பிப் போகவில்லை. அடுத்த ஓரிரு வருஷத்தில் யார்க் நகரம் அவர்கள் கையில். 878-ல் ஆல்ஃபிரட் ராஜா எடிங்டன் போரில் அவர்களைத் தடுத்து நிறுத்தினார், துரத்தவில்லை. குத்ரம் என்ற அவர்களுடைய தலைவனோடு ஒப்பந்தம் போட்டு எல்லை வகுத்துக்கொண்டார். அந்தக் கோட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருந்த பகுதிக்குப் பின்னாளில் டேன்லா என்று பேர் வந்தது. டேனியர்களின் சட்டம் ஓடும் நிலம். இன்றும் இங்கிலாந்து மேப்பை எடுத்து டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்களைத் தேடினால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிடைக்கும். அவங்க மொழியில் ‘பி’ன்னா ஊர், பண்ணை.

அவர்கள் அங்கே உழுதார்கள், மாடு வாங்கி விற்றார்கள், பக்கத்து ஊரில் பெண் எடுத்தார்கள். பழைய ஆங்கிலமும் நோர்ஸும் ஒண்ணுவிட்ட சகோதரர்கள். கோயம்புத்தூர்க்காரரும் பாலக்காட்டுக்காரரும் சந்தையில் அவரவர் மொழியிலேயே பேசிச் சமாளிப்பதைப் பார்த்திருப்பீங்களே, கிட்டத்தட்ட அப்படி. அந்தப் பேச்சில்தான் வார்த்தைகள் கைமாறின. என்ன வார்த்தைகள்னு பாருங்க: ஸ்கை, ஸ்கின், லெக், நைஃப், விண்டோ, ஹஸ்பண்ட், ஆங்கர், அக்லி, ராங், கால், டேக். இதில் ஒரு வார்த்தையும் ராஜாங்க வார்த்தை இல்லை. எல்லாம் வீட்டு வார்த்தை, உடம்பு வார்த்தை, சண்டை வார்த்தை. ‘அவர்கள்’ என்பதற்கான ‘தே’ கூட நோர்ஸ்தான். ஒரு மொழி இன்னொரு மொழிகிட்ட ‘அவர்கள்’ என்ற சொல்லைக் கடன் வாங்குதுன்னா அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவில் சுவரே இல்லாமல் போயிருக்கணும்.

இந்தக் கூட்டத்தோடுதான் ஸ்டாகரும் வந்தது. தனியாக வரவில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. டீட்டர், டாட்டர், ஸ்டம்பிள், வேவர் என்று ஆங்கிலத்தில் ஆட்டம் காணும் வினைச்சொற்கள் பலவற்றுக்கும் அகராதிக்காரர்கள் ஸ்காண்டிநேவியப் பக்கமே கை காட்டுகிறார்கள். வைக்கிங்குகள் நிறையக் குடிப்பாங்க, அதான் காரணம் என்று ஒரு ஜோக் உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனா பக்கத்து வீட்டுக்காரன் எப்படி நடக்கிறான், எங்கே தடுக்கி விழுந்தான் என்று பேசுவதுதானே எந்த ஊரிலும் தினசரிப் பேச்சு? அந்த மாதிரிப் பேச்சில் கலந்த மொழிகளுக்கு இந்த மாதிரி வார்த்தைகள்தான் மிஞ்சும்.

வடக்கே இப்படிக் கலந்த வார்த்தைகள் தெற்கே வந்து சேரப் பல நூறு வருஷம் ஆச்சு. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490-ல் ஒரு சம்பவம் எழுதி வைத்திருக்கிறார். தேம்ஸ் நதியில் கிளம்பிய வியாபாரிகள் சிலர் காற்று இல்லாததால் கரையில் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தர் ஒரு வீட்டில் போய் ‘எக்ஸ்’ இருக்கா, அதாவது முட்டை இருக்கா, என்று கேட்டார். வீட்டுக்காரம்மா, எனக்கு பிரெஞ்சு தெரியாதுன்னுட்டாங்க. வியாபாரிக்குக் கோபம். அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! கடைசியில் இன்னொருத்தர் ‘எய்ரென்’ வேணும் என்றதும் அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எய்ரென் தெற்கத்திப் பழைய ஆங்கிலம். எக் வைக்கிங் வார்த்தை. டேன்லா ஒப்பந்தம் நடந்து 600 வருஷம் கழித்தும் ஒரு முட்டைக்கு இந்தப் பாடு.

நம்ம ஸ்டாகர் இதற்கு நூறு வருஷம் முன்பே லண்டனுக்கு வந்துவிட்டது. அப்போது அதன் உச்சரிப்பில் ‘க’ கனமாக இருக்கும்: ‘ஸ்டக்கெரென்’. அதை எழுதியவர் சாசர். 14-ம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய ‘நல்ல பெண்களின் கதைகள்’ என்ற கவிதை நூலில் ஹைபர்ம்னெஸ்ட்ரா என்ற பெண்ணின் கதை வருகிறது. மூலம் கிரேக்கக் கதை. அவளுடைய அப்பாவுக்குத் தன் தம்பி மகனால் தனக்கு அழிவு என்று பயம். அந்தத் தம்பி மகனுக்கே மகளைக் கட்டிக்கொடுத்து, கல்யாண ராத்திரி அவள் கையில் ஒரு கத்தியைக் கொடுக்கிறார். அவன் தூங்கினதும் கொன்றுவிடு, இல்லைன்னா நீ உயிரோடு இருக்க மாட்டாய்.

ராத்திரி. மாப்பிள்ளை தூங்குகிறான். அவள் எழுந்திருக்கிறாள், உடம்பெல்லாம் சில்லிட்டுப்போகிறது, விழுகிறாள், மறுபடி எழுகிறாள். எழுந்து அங்கும் இங்கும் தள்ளாடுகிறாள். சாசர் அந்த வார்த்தையைப் போடுவது அங்கேதான். அந்த அறையில் குடிச்சவங்க யாரும் இல்லை. ஒரு பக்கம் அப்பா தள்ளுகிறார், இன்னொரு பக்கம் மனசாட்சி தள்ளுது. நடுவில் அவள் கால் தரையில் நிற்கவில்லை.

அவள் கொல்லவில்லை. எழுப்பித் தப்பிக்க விடுகிறாள். அவன் வேகமாக ஓடிவிடுகிறான், இவளால் அவ்வளவு வேகமாக ஓட முடியவில்லை. பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். சாசர் அந்தக் கவிதையை அதோடு விட்டுவிட்டார், முடிக்கவே இல்லை. என்னைக் கேட்டால் அந்த மாப்பிள்ளை திரும்பி ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம். சரி, அது வேற எபிசோடு.

16-ம் நூற்றாண்டில் ஸ்டாகர் காலை விட்டு மனசுக்கு ஏறுகிறது. வில்லியம் டிண்டேல் பைபிளின் புதிய ஏற்பாட்டை கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். அந்த வேலைக்காகவே 1536-ல் அவரைக் கழுத்தை நெரித்து, பிறகு எரித்தார்கள். ஆபிரகாமுக்கு நூறு வயசு நெருங்கும்போது உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று கடவுள் வாக்குக் கொடுக்கிறார். ஆபிரகாம் சந்தேகப்படவில்லை. ‘சந்தேகப்படவில்லை’ என்ற அந்த இடத்தில் டிண்டேல் ‘ஸ்டாக்கர்’ ஆகவில்லை என்று எழுதினார். 1611-ல் ஜேம்ஸ் ராஜா காலத்து பைபிள் வந்தபோது அதே இடத்தில் அதே சொல், ஆனா ‘க்க’ தேய்ந்து இன்றைக்கு நாம் சொல்லும் ஸ்டாகர் ஆகியிருந்தது.

அதே 1611 பைபிளில் சங்கீதம் 107-ல் சித்தப்பாவுக்குத் தேவையான இடம் இருக்கிறது. புயலில் சிக்கிய மாலுமிகள் குடிகாரனைப் போல ஸ்டாகர் ஆகிறார்கள் என்று வருகிறது. குடிகாரனைப் போல. அவங்க குடிச்சிருக்காங்கன்னு இல்லை. தள்ளுவது அலை. குடிகாரன் வெறும் உவமை. ஆனா உவமைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, கொஞ்ச நாளில் அதுவே வீட்டுக்காரன் ஆகிவிடும்.

கிராமத்து ஆங்கிலத்தில் இந்த வார்த்தைக்கு வேற வேலையும் இருந்தது. குதிரை, மாடு, ஆடு நிலை தடுமாறி விழும் நோய்களுக்கு ‘ஸ்டாகர்ஸ்’ என்று பேர். ஷேக்ஸ்பியர் ‘டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ நாடகத்தில் கல்யாணத்துக்கு வரும் மாப்பிள்ளையின் நோஞ்சான் குதிரைக்கு இருக்கும் வியாதிகளின் பெரிய பட்டியலில் இதையும் சேர்த்திருப்பார். மேயும் மாட்டுக்கு மக்னீசியம் குறைந்தால் வருவதை இன்றும் கால்நடை மருத்துவர்கள் ‘கிராஸ் ஸ்டாகர்ஸ்’ என்கிறார்கள். ஒரு மாடு தள்ளாடினால் அதற்கு உடம்பு சரியில்லை என்று எல்லாருக்கும் புரிகிறது. மனுஷன் தள்ளாடினால்தான் வாயை மோந்து பார்க்கிறோம்.

மருத்துவம் இதற்கு கிரேக்கத்திலிருந்து வேற பேர் எடுத்துக்கொண்டது: அடாக்ஸியா. ஒழுங்கு இல்லாமை. 1863-ல் ஹைடல்பெர்க்கில் நிக்கோலாஸ் ஃப்ரீட்ரைக் என்ற ஜெர்மன் மருத்துவர், ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கு இளம் வயதிலேயே நடை குலைவதைப் பற்றி எழுதத் தொடங்கினார். இன்றும் அந்த வகைக்கு அவர் பேர்தான். அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது 1996-ல். சித்தப்பாவுக்கு இருப்பது அந்த வகை இல்லை, ஆனா பாதிக்கும் இடங்களில் ஒன்று பொது: சிறுமூளை. மதுவும் போய் அடிப்பது அங்கேதான். அதனால்தான் இரண்டு நடையும் ஒரே மாதிரி இருக்கு. ஒரு காலின் விரல்களுக்கு முன்னால் மறு காலின் குதிகாலை வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லும் சோதனையைப் பல நாடுகளில் போலீஸும் செய்றாங்க, நரம்பியல் மருத்துவரும் செய்றாங்க. ஒரே சோதனை. ஒருத்தர் கேஸ் எழுதுவார், இன்னொருத்தர் ஸ்கேன் எழுதுவார். அதனால் கண்டக்டரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லைன்னு எனக்கே தெரியும். இருந்தாலும் திட்டினேன்.

இப்போ கதையின் கடைசித் திருப்பம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் பொறியாளர்கள் இந்த வார்த்தையைக் கையில் எடுத்தார்கள். வரிசையில் எல்லாவற்றையும் நேருக்கு நேர் வைக்காமல் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளித் தள்ளி வைப்பதற்கு ஸ்டாகர் என்றார்கள். யோசிச்சா படம் புரியும், தள்ளாடுகிறவனின் காலடித் தடம் அப்படித்தான் வளைந்து வளைந்து போகும். ஆனா அர்த்தம் தலைகீழாகிவிட்டது. கட்டுப்பாடு இல்லாமல் ஆடுவதற்கான சொல், கவனமாகத் திட்டம் போட்டு வைப்பதற்கான சொல்லாக மாறிவிட்டது.

400 மீட்டர் ஓட்டம் பார்த்திருப்பீங்க. எட்டுப் பேரும் ஒரே கோட்டில் நிற்க மாட்டாங்க. ஸ்கூல்ல முதல் தடவை பார்த்தப்போ, வெளிப் பாதையில் நிற்கிறவனுக்கு என்ன இவ்வளவு சலுகைன்னு நான் சண்டை போட்டேன். சலுகை இல்லை, வளைவில் வெளிப் பாதை நீளம். அதை ஈடுகட்டத்தான் இரண்டாவது பாதைக்காரரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்துவார்கள், அதற்கப்புறம் ஒவ்வொரு பாதைக்கும் இன்னும் சுமார் 7.67 மீட்டர். எட்டாவது பாதைக்காரர் முதல் ஆளைவிட 53 மீட்டர் முன்னால் நிற்பார். இதற்குப் பேர் ‘ஸ்டாகர்டு ஸ்டார்ட்’. பார்க்கக் கோணலாக இருக்கும், கணக்கு நேராக இருக்கும்.

அப்புறம் 1918. ஸ்பானிஷ் ஃப்ளூ. செப்டம்பர் 28-ம் தேதி ஃபிலடெல்பியாவில் போர்க் கடன் பத்திரத்துக்காக ஒரு ஊர்வலம் விட்டார்கள், சுமார் 2 லட்சம் பேர் தெருவில் நெருக்கியடித்து நின்றார்கள். சில நாளிலேயே ஆஸ்பத்திரிகளில் இடம் இல்லை. நியூயார்க்கில் சுகாதார ஆணையராக இருந்தவர் ராயல் கோப்லாண்ட். அவருக்குப் பெரிய கவலை சுரங்க ரயில். காலையில் எல்லா ஆபீஸும் ஒரே நேரத்தில் திறந்து, சாயந்திரம் ஒரே நேரத்தில் மூடினால் அத்தனை பேரும் ஒரே பெட்டிக்குள் மூச்சு விடுவார்கள். அதனால் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு உத்தரவு போட்டார். கடைகள், ஆபீஸ்கள், தொழிற்சாலைகள், தியேட்டர்கள் என்று ஒவ்வொரு வகைக்கும் வேற வேற நேரம். ஊரை மூடவில்லை. பள்ளிக்கூடங்களைக் கூட மூடவில்லை, அதற்காகக் கடுமையான விமர்சனமும் வந்தது. நகரத்தின் நாளைத்தான் தள்ளித் தள்ளி வைத்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனா மக்கள்தொகையோடு ஒப்பிட்ட இறப்பு விகிதம் பாஸ்டனையும் ஃபிலடெல்பியாவையும் விடக் குறைவு. அது முழுக்க நேர மாற்றத்தால்தான்னு நான் சொல்ல மாட்டேன். நோயாளிகளைத் தனிமைப்படுத்தியது, ஊரில் ஏற்கெனவே வலுவாக இருந்த சுகாதாரத் துறை, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா கூட்ட நேரத்தைப் பிரிக்கும் அந்த யோசனை நிலைத்துவிட்டது. 2020-ல் உங்க ஆபீஸிலிருந்தோ காலேஜிலிருந்தோ ‘ஸ்டாகர்டு டைமிங்’ என்று ஒரு மெயில் வந்திருக்குமே, அது இந்தக் கதையின் வாரிசு.

அதே 2020-ல் தமிழில் நாம் என்ன சொன்னோம்? தள்ளி நில்லுங்க. பரீட்சையைத் தள்ளி வச்சுட்டாங்க. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுட்டாங்க. தள்ளாடுவதும் தள்ளுதான், தள்ளி வைப்பதும் தள்ளுதான். நோர்ஸ் வேர் ஆயிரம் வருஷம் சுத்தி வந்து சேர்ந்த அதே இரண்டு இடத்தில் நம்ம தள்ளுவும் நிற்குது. இதை ராத்திரி ஒரு மணிக்குக் கவனித்தேன், யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகச் சிரித்தேன்.

சித்தப்பாவிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். வைக்கிங்கில் அவருக்கு ஆர்வமே இல்லை. மணப்பெண் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார். அப்புறம், “சரி, அது குடிகாரனுக்குன்னு பொறந்த வார்த்தை இல்லேல்ல?” என்றார். இல்லை சித்தப்பா, தள்ளப்பட்டவங்களுக்குப் பொறந்த வார்த்தைன்னு சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டார்.

ஒன்றை அவரிடம் சொல்ல மறந்துட்டேன், இங்கே சொல்லிடறேன். ஸ்டாகருக்கும் ‘ஸ்டேக்’ என்ற சொல்லுக்கும், அதாவது நட்டு வைக்கும் கம்புக்கும், வேர் ஒன்றாக இருக்கலாம் என்று சில அகராதிகள் கருதுகின்றன. கம்பால்தானே தள்ளுவோம்.

சித்தப்பா இப்போ ஒரு கைத்தடி வாங்கியிருக்கார். அது இல்லாமலே அவரால் நடக்க முடியும், மருத்துவரும் இன்னும் தேவையில்லைன்னுதான் சொன்னார். ஆனா தடி கையில் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லையாம். போன மாசம் அதே ஊருக்கு, அதே ராத்திரி பஸ். கண்டக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்து ஏற்றி, முன் சீட்டில் உட்கார வச்சாராம். அதே கண்டக்டரான்னு கேட்டேன். இருட்டுல முகம் தெரியலடான்னார்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.